துறை எண் 8080

ஹார்ட்ஸ் மலையில், கிளௌஸ்தாலில், எங்கள் கீழ்த்தளத்துக்கு
மூன்று சுவர் மண்ணுக்குள், ஒரு சுவர் பனிக்குள்.
கைப்பேசியில் ஒரு கோடுகூட ஏறாது.
சமையலறை ஜன்னல் திண்டில் ஏறி நின்றால் அரைக் கோடு,
அதுவும் பனி பெய்யாத நாளில்.

அறைக்கு ஒரு கம்பி, கம்பிக்கு ஒரு கணினி என்று
கையெழுத்து வாங்கிக்கொண்டார் விடுதிக் காப்பாளர் ருட்லோஃப்.
பகிர்வுப் பொத்தானை அழுத்திப் பார்த்தேன்.
அரை மணியில் மோப்பம் பிடித்து
ஒரு வாரம் அறுத்துப் போட்டார்கள்.
ஆகவே பதிலி.

கணினிக்குள் ஒரு சின்ன நிரலை எழுப்பி உட்கார வைத்தேன்.
கேட்பவர் யாராயினும்
கேட்பது நான்தான் என்று வெளியே போய்ச் சொல்லும்.
கல்லூரியில் கௌசிகாவுக்காகக் குரலை மாற்றி
'உள்ளேன் ஐயா' சொன்னவள்தானே நான்.
இங்கேயும் மேல்மாடி ஷூல்ட்ஸேயின் பார்சல்களைக்
கையெழுத்திட்டு வாங்கி வைக்கிறேன்.
ஷூல்ட்ஸே ஆணா பெண்ணா, தெரியாது.

நீனோவின் மடிக்கணினி தேநீரில் செத்தது.
ஜார்ஜியாக்காரி, அடுத்த அறை,
உப்புக்கூடக் கடன் கேட்கத் தெரியாதவள்.
அவள் கைப்பேசியை நானே பிடுங்கி
முகவரி இட்டேன்: நூற்றுத் தொண்ணூற்றிரண்டில் தொடங்கி
ஒன்றில் முடியும் நான்கு எண்கள்.
அடுத்த கட்டம், துறை.
எட்டாயிரத்து எண்பது.
தூத்துக்குடிக்காரிக்குத் துறை என்றால்
கிரேனும் கரித்தூளும் சங்கொலியும்.
இது வெறும் கதவு எண்.
ஒரு நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு
அவள் உள்ளங்கையில் இருபத்தாறு செய்திகள்
ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குலுங்கின.

எழுத்து போகும். படம் போகும், முக்கி முனகி.
அழைப்பு மட்டும் போகாது.
குரல் பதிலியை மதிப்பதில்லை,
தானே நேராகப் போகிறேன் என்று
சுவரில் முட்டி நின்றுவிடும்.
"பரவாயில்லை," என்றாள். "அம்மா எழுதுவாள்."

நிரலுக்கு ஒரு கறுப்புச் சாளரம் உண்டு.
யார், எப்போது, எந்த வாசல் என்று
வரிவரியாகக் குறித்து வைக்கும்.
வாசல் மட்டும். உள்ளே பேசியது பூட்டுக்குள்.
பார்க்கக் கூடாதுதான்.
ஏதோ பிழையைத் தேடி மேலே போனவள்
பிப்ரவரி பதினொன்றைப் பார்த்துவிட்டேன்.

1.52 குதாயிசியில் ஒரு மருத்துவமனை
1.53 மருந்து அகராதி
1.58 மருந்து அகராதி
2.10 விமானம்
2.11 விமானம்
2.31 வங்கி
2.32 விமானம்
2.40 மருத்துவமனை

அப்புறம் வெறுமை, காலை எட்டு வரை.
தூங்கியிருப்பாள் என்றுதான் முதலில் நினைத்தேன்.
தூங்கியது என் கணினி.
ஒரு மணி நேரம் எவரும் தொடாவிட்டால்
கண்ணை மூடிக்கொள் என்று
நான்தான் சொல்லி வைத்திருந்தேன். பேட்டரிக்கு நல்லதாம்.

அன்று காலை வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தேன்.
குளிர்பதனப் பெட்டியில் சாய்ந்தபடி கேட்டாள்:
"ராத்திரியில் உன் கணினி ஓய்வெடுக்குமா?"
"பின்னே, அதுவும் பாவம்தானே," என்றேன்.
சிரித்தாள்.
நானும் சிரித்தேன், கரண்டியைத் தட்டிவிட்டு.

இப்போது போய் என்னவென்று கேட்பது?
எப்படித் தெரியும் என்பாளே.
வாசலில் செருப்பைப் பார்த்தேன் என்றா சொல்வது?

அமைப்புகளைத் திறந்தேன்.
உறக்கம்: பதினைந்து நிமிடம், முப்பது, ஒரு மணி,
கடைசியில் 'ஒருபோதும் இல்லை'.
அதைத் தொட்டேன்.
கண்ணில் குத்தும் நீல விளக்கின் மேல்
ஒரு காலுறையைப் போட்டு மூடினேன்.

மூன்று மணிக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் இருமல்.
கணினியின் விசிறி ஒரு சுற்று கூடச் சுற்றியது.
கறுப்புச் சாளரத்தில் ஒரு வரி நகரத் தொடங்க,
எழுந்து போய்த்
திரையைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன்.