கோடு

கண்டக்டர் மீதிச் சில்லறை தந்ததும் குனிந்துவிட்டேன்.
"என்னலே, நடு பிடிச்சிருக்கா?"
பஸ்ஸே சிரித்தது.

இஷினோமாகியில்
மீன் ஆலைச் சுவரில் ஒரு நீலக்கோடு,
என் தலைக்கு மேலே இரண்டு முழம்.
மூன்று மாதம் அலங்காரம் என்றிருந்தேன்.
பனி பெய்த ஒருநாள் குமகாய்
கோட்டைக் காட்டி, கடல் பக்கம் காட்டினார்.
அவர் மொழியில் அன்று எனக்குத் தெரிந்தவை
எண்களும் மன்னிப்பும் மட்டும்.
"இரண்டாயிரத்து நான்கு" என்றேன்.
அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்ததைக்
கையால் செய்து காட்டினேன்.
பிறகு கானாங்கெளுத்தி தரம் பிரித்தோம்,
பெரிசு, சிறிசு, பெரிசு.
இடைவேளையில் பாதி பன் என் பக்கம் நகர்ந்தது.

கொட்டில்பாட்டில்
எங்கள் சுவரில் கோடு கிடையாது.
கிறிஸ்துமஸ்தோறும் வெள்ளையடிக்கிறோம்.
எதுவரை வந்தது என்று கேட்டேன்.
அம்மா ஜன்னல் என்றாள்.
ஆன்றோஸ் மாமா ஓடு என்றார்.
அப்பா
சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு
பின்பக்கம் போனார்.