முப்பத்தொன்றாம் எண்

கெண்ட் நகரில் பிப்ரவரி மழை
சைக்கிள்காரர்களாகத் தேடித் தேடி நனைக்கிறது.
நான்காம் மாடியில் ஹோடெலீவ வான்தோர்ப்
வெங்காயச் சருகைவிட மெல்லிய ஒரு தகட்டை
எலியின் பெருங்குடல் சுவரில்
இரண்டு தசைப் படலங்களுக்கு நடுவே செருகித்
தையல் போட்டு ஒன்பது நாளாகிறது.

பிடரி வழியே வெளிவரும் கம்பி
ஒரு தலைமயிரின் பருமன்.
எலி ஓடுகிறது, உறங்குகிறது, மீசை துடைக்கிறது.
கம்பியின் இந்தப் பக்கம்
திரையில் ஒரு பச்சைக் கோடு.

இதுவரை
அறுத்தெடுத்த குடலை உப்புநீர்க் கிண்ணத்தில் கிடத்தித்தான்
கேட்டிருக்கிறாள்.
அதுவும் பேசும், மணிக்கணக்கில்,
தலை போனது தெரியாமல்.
ஆனால் அதற்குப் பயம் கிடையாது.
பயப்பட ஒரு முழு எலி வேண்டும்.

வயிற்றில் புளியைக் கரைத்தது என்கிறோம்,
கரைவதை யார் கண்டார்?
அவள் கண்டாள்.
யாரோ கதவை அறைந்து சாத்தியபோது
கோடு முள்முள்ளாய்ச் சிலிர்த்தது,
பிறகு நாற்பது நொடி
ஒன்றுமே இல்லை.
காபியைக் கீழே வைத்துவிட்டுத்
தன் வயிற்றின் மேல் கை வைத்துக்கொண்டாள்.

பதினான்காம் இரவிலிருந்து வேறு தொல்லை.
அதிகாலை மூன்று மணி எட்டு நிமிடத்துக்குக்
கோடு பொங்குகிறது.
தீனி வைக்கும் வேளையல்ல.
விளக்கு இல்லை, ஆள் இல்லை.
மின்சார இரைச்சல் என்றான் வான்னெஸ்,
லிஃப்டைக் குற்றம் சொன்னான்.
லிஃப்டை ஓரிரவு நிறுத்தினார்கள்.
கம்பியை மாற்றினார்கள்.
கூண்டுக்குச் செம்புவலை போர்த்தினார்கள்.
மூன்று எட்டு. பொங்கியது.
பக்கத்தில் முப்பதுக்கு இல்லை,
முப்பத்திரண்டுக்கு இல்லை.

பத்தொன்பதாம் இரவு
கோட்டைக் கழற்றாமல் இருட்டில் உட்கார்ந்திருந்தாள்.
மூன்று எட்டு.
எலி எழுந்து கம்பியோரம் வந்து நின்றது.
அறையில் ஒரு சத்தமும் இல்லை.
இரண்டு நிமிடம் கழித்துத்தான்
நடையின் கோடியில்
எண்ணெய் காணாத ஒரு சக்கரம் கிறீச்சிட்டது.

துப்புரவுக்காரர் நெவ்ஸாத்,
பல்கேரியாவிலிருந்து வந்து பதினோரு வருடம்.
சட்டைப்பையிலிருந்து ஒரு சூரியகாந்தி விதை எடுத்தவர்
அவளைப் பார்த்தார்.
கை பாதி வழியில் நின்றது.
திரையில் கோடும்
உச்சியிலேயே நின்றது.

"இவன் மட்டும்தான் எழுந்து வருவான்" என்றார்,
மன்னிப்புக் கேட்கும் குரலில் அல்ல.

ஆறு இரவுகளின் கணக்கு பாழ்.
வயிறு எரிந்தது அவளுக்கு,
எரிந்த வேகத்தில் அணைந்தும் போனது.
காது கேட்கும் முன்னே
குடல் எப்படிக் கேட்டது?
திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

"இது நான் வருவதா?"
"இல்லை.
நீங்கள் வருவதற்கு முன்பு."

வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.
வலிக்கிறதா இவனுக்கு என்று கேட்டார்.
தையலைப் பற்றி, மருந்தைப் பற்றிச் சொன்னாள்,
கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை.
பிறகு, "கொடுங்கள்" என்றாள்.

பதிவேட்டில் எழுதினாள்:
03.12. சூரியகாந்தி விதை, ஒன்று.
கொடுத்தவர் பெயர் எழுத இடம் இல்லாததால்
ஓரத்தில் எழுதினாள்.
அதே பக்கத்தின் அடியில்
மார்ச் ஆறாம் தேதிக்கு எதிரே
சென்ற மாதமே அவள் கையால் எழுதிய ஒரு சொல்.
அதைக் கட்டைவிரல் மறைத்திருந்தது.

கூண்டுக்குள் விதைத்தோல்
இரண்டாய்ப் பிளந்து கிடந்தது.
நெவ்ஸாத் குனிந்து பார்த்தார், தொடவில்லை.
கூண்டுக்குள் பெருக்குவது
அவர் வேலையில்லை.