சத்தம் சரியா இருக்கா

பத்தமடையில் பஸ் நின்றபோது மணி பத்தரை.
பையில் ஒலிப்பதிவுக் கருவி, உபரி பேட்டரி நாலு,
தட்டச்சு செய்த இருபத்திரண்டு கேள்விகள்.
முதல் கேள்வி:
உங்கள் படைப்பு மனம் எங்கே தொடங்குகிறது?

மைதீன் பாத்து கேள்வியை வாங்கி
ஈரக் கோரையோடு சேர்த்துக் கீழே வைத்தார்.
"ஆத்துல தொடங்குது.
ஓடுத தண்ணியில ஏழு நாள் கிடக்கணும்.
நின்ன தண்ணியில போட்டா நாத்தம் புடிச்சிரும்.
நீங்க அதை மனசுன்னு எழுதிக்கிடுங்க."

அவருக்கு முப்பத்தாறு வயது.
படிக்க வருகிற மூவரும் அவரைவிட மூத்தவர்கள்.
டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஓய்வுபெற்ற உலகநாதன்
சேரன்மகாதேவியிலிருந்து மொபெட்டில் வருகிறார்.
ஒரு கோரையைப் பன்னிரண்டாய்க் கீற
மூன்று மாதமாய் முயல்கிறார்.
இன்றைக்கு எட்டு.
எட்டு வந்ததற்கு எல்லோருக்கும் கடலை மிட்டாய்.

எப்படிச் சொல்லிக்கொடுப்பீர்கள்?
"சொல்ல மாட்டேன். அவிய கை தப்பாப் போகையில
நான் இருமுவேன்.
நெசமாவே சளி புடிச்சா அன்னைக்கு லீவு."

கல்யாணப் பாய் ஒன்று தறியில் பாதியில் நின்றது.
மாப்பிள்ளை பெயர் முடிந்து, பெண் பெயரில்
ழகரம் வந்து மாட்டிக்கொண்டிருந்தது.
ஓலையில் எழுதி எழுதி உருண்டுபோன எழுத்து.
பாயில் உருள இடமில்லை.
குறுக்கே கோரை, நெடுக்கே நூல்.
வளைவென்றால் இங்கே படிக்கட்டு.
கட்டம் போட்ட நோட்டில் அதைப்
பதினோரு படியில் இறக்கிப் பார்த்தார். அழித்தார்.
பதிமூன்றில் இறக்கினார்.
"கிட்டத்துல பாத்தா ஏணி. வாசல்ல போய் நின்னு பாருங்க."
போய் நின்றேன்.
வழுக்கிக்கொண்டு வந்தது யாழினியின் ழ.

இதில் உங்கள் கற்பனை என்று
நான் இழுப்பதற்குள்,
"பதிமூணு" என்றார்.

உங்கள் பெயரை எங்கே போடுவீர்கள்?
"பேரு வாங்குதவங்களுக்குத்தான்.
ஓரம் மடக்குததைப் பாத்தா
யாரு நெய்ததுன்னு தெருவுக்கே தெரியும்.
கதீஜா மச்சி ஓரம் இறுக்கம், கோவக்காரி.
என் ஓரம் எப்படின்னு அவகிட்டதான் கேக்கணும்.
கேட்டுராதீய."

மறுநாள் அம்பாசமுத்திரம்.
கடைசல் பட்டறையில் சுடலைமணி
மோட்டாரை நிறுத்தவே இல்லை.
மஞ்சக்கடம்புக் கட்டை சுழல, அரக்குக் குச்சி உரச,
சொப்புக் குடம் ஒன்றில் சிவப்பு உருகி ஏறியது.
என் இருபத்திரண்டு கேள்விக்கும் சேர்த்து
ஒரு தாழை மடலைக் கையில் தந்தார்.
அழுத்தினேன், மினுங்கியது.
கூடக் கொஞ்சம் அழுத்தினேன், கருகியது.
"இப்பம் கேளும்" என்றார்.
கேட்க ஒன்றும் தோன்றவில்லை.
கருகின குடத்துக்கு நாற்பது ரூபாய் வாங்கிக்கொண்டார்.

ராத்திரி ஜங்ஷன் பக்கத்து லாட்ஜில்
காதில் மாட்டிக்கொண்டு எழுத உட்கார்ந்தேன்.
பட்டறைப் பதிவு முழுக்க மோட்டார்.
பத்தமடைப் பதிவில், அச்சு ஒரு தரம் இடித்த பிறகே
ஒவ்வொரு பதிலும் வருகிறது.
முதல் இரண்டு நிமிடம் வெட்ட வேண்டியது.
சத்தம் பார்க்கணும், ஏதாவது பேசுங்க என்கிறேன் நான்.
என்ன பேச, என்கிறார் அவர்.
ஏதாவது.
"ஏதாவதுன்னா...
இப்பம் நீங்க உக்காந்திருக்கீயள்ளா, அந்தப் பாயி,
அது நான் மொதமொதல்ல நெய்தது.
தலைமாட்டுல மூணு விரக்கடை கூடிப்போச்சு.
புதுசா வாரவங்கள அதுலதான் உக்கார வைப்பேன்.
யாரும் கண்டுபிடிக்கதில்ல.
உலகநாதன் சார் மட்டும் ரெண்டாம் நாளு
எந்திரிச்சு நின்னு அதையே பாத்துக்கிட்டிருந்தாரு.
சரி, இவருக்கு வரும்னு நெனச்சேன்.
போதுமா? சத்தம் சரியா இருக்கா?"

சரியா இருக்கு என்கிறது என் குரல்,
முதல் கேள்வியைத் தேடும்
தாள்களின் சரசரப்புக்கு நடுவே.