நாலு சென்டிமீட்டர்

ஓலு நகரத்துக்கும் தீவுக்கும் நடுவே கிடக்கும் கடல்
ஜனவரியில் மூடிக்கொள்ளும்.
மூடிய கடல்தான் எங்களுக்குச் சாலை.
ஏப்ரலில் திறக்கும்.
திறந்த நாளிலிருந்து படகுக்குக் காத்து நிற்போம்.
அதனால்
திறப்பு நல்லது பூட்டு கெட்டது என்று
சுலபமாக என்னிடம் யாரும் வர வேண்டாம்.

பதினோரு வருடம் ஒரு கைபேசிக்குள் இருந்தேன்.
அதன் கடிகாரமும் அலாரமும் என் பொறுப்பு.
கம்பெனி கைவிரித்த வியாழக்கிழமை
கேன்டீனில் வழக்கம்போல் பட்டாணி சூப்.
அடையாள அட்டைகளை ஒரு டப்பாவில் போட்டுவிட்டு வந்தோம்.
வெகுநாள்வரை
நூலகக் கதவிலும் இடுப்பைச் சாய்த்துக் காட்டினேன்,
திறக்கும் என்று.

உர்போ மீன்பிடிக்கப் பனியில் துளை போடுபவன்.
போடும் இடமெல்லாம் அளந்து சொல்வான்:
கலங்கரை விளக்கருகே முப்பத்தொன்று,
நாணல் ஓரம் நாலு, அந்தப் பக்கம் போகாதே.
அதை ஒரு செயலியாக்கினேன்.
வரைபடம், புள்ளி, எண். அவ்வளவுதான்.

மதில் வைத்த கடை இரண்டே நாளில் பதில் போட்டது:
'உங்கள் செயலி போதுமான அளவு எதையும் செய்யவில்லை.'
உண்மைதான்.
அது ஓர் எண்ணைக் காட்டும்.
அந்த எண்ணை நம்பி ஒரு குடும்பம்
தூங்கும் குழந்தையோடு கடல்மேல் கார் ஓட்டும்.
மேல்முறையீடு செய்தேன். மறுபடி அதே வாசகம்,
கீழே மார்னி என்றொரு பெயர்.
ஜன்னலோரப் பனைமரம், ஆறிப்போன காபி,
என் உறைந்த கடலை அவள் வெயிலில் வைத்துப் பார்த்திருப்பாள்.

தங்கை தைமி வைத்திருப்பது அந்தக் கடையின் போன்.
'உன் கடல் என்னிடம் இல்லை' என்பாள்,
திரையை ஸ்வெட்டர் கையால் துடைத்தபடி.

வேலியில்லாத பக்கம் போய்
நிரலை அப்படியே புறம்போக்கில் வைத்தேன்.
ஆல்வார் என்று எவனோ, எதிர்க்கரை ஸ்வீடன்காரன்,
நான் விட்டிருந்த ஒரு கழித்தல் குறியைத் திருத்தி அனுப்பினான்.
நன்றி சொல்வதற்குள் போய்விட்டான்.

திறந்த வீட்டுக்குள் நாய் நுழையும் என்பார்கள்.
நுழைந்தது.
பெயரில்லாத ஒருவன் மொத்தமாக அள்ளிப்போய்
ஐகானை மாற்றி, விளம்பரம் கட்டி, ஊரில் உலவவிட்டான்.
கெர்த்து, அறுபத்திரண்டு வயது,
சறுக்குவண்டியை ஒரு காலால் உந்திக்கொண்டு
நாணல் ஓரம் போனவள்
எண்ணைப் பார்க்கத் திரையைத் தொட்டாள்.
எண்மேல் கடன் விளம்பரம்.
ஐந்து விநாடியில் மூடலாம் என்றது.
மூன்றாவது விநாடியில்
பனி திறந்தது.

கழுத்தில் தொங்கிய ஆணிகளைக் குத்திக் குத்தி
தானே ஏறி வந்தாள்.
ஆஸ்பத்திரிப் போர்வைக்குள்ளிருந்து என்னைத்தான் திட்டினாள்.
எல்லாவற்றையும் மாற்றியவன்
உரிமக் குறிப்பில் என் பெயரை மட்டும்
நியாயமாக விட்டு வைத்திருந்தான்.

'காவலுக்குத்தான் காசு கொடுக்கிறேன்' என்றாள் தைமி.
உன் காவலில் அந்த நாலு இருந்ததா என்றேன்.
இல்லைதான் என்றாள். பிறகு இருவரும்
உருளைக்கிழங்கு உரித்தோம்.

எங்கள் நாட்டில் யார் காட்டிலும் யாரும் பழம் பறிக்கலாம்.
சட்டமே அப்படி.
ஆனால் மஞ்சள் சதுப்புப்பழம் எங்கே காய்க்கிறதென்று
தைமி என்னிடம் சொன்னதில்லை.
நானும் அவளிடம்.

இந்த வருடம் பனி தாமதம்.
நேற்று உர்போவோடு போனேன்.
துளை விழுந்ததும்
பூட்டிக் கிடந்த கடல் ஒரு விரல் அளவு மேலேறி வந்து
எட்டிப் பார்த்தது.
அளவுகோலை இறக்கினான்.
எண்ணை அனுப்பக் கையுறையைக் கழற்றினேன்.
அதற்குள் ஒருமுறை பீப் என்றது போன்:
கெர்த்து முந்திக்கொண்டிருந்தாள்,
நாணல் ஓரம், கரையிலிருந்து,
எழுத்துப்பிழையோடு.