பதினொரு வீதம்

பங்களாவை ஹோட்டலாக்கியபோது
துரைமார் குளித்த இரும்புத் தொட்டியைத்
தூக்கி வெளியே போட்டார்கள்.
நாலு மாதம் அதில் மழை குளித்தது.
பிறகு செல்லமுத்துவின் மாடு தண்ணி குடித்தது.
மூவாயிரத்து ஐந்நூறுக்குப் பேசி முடித்து
லோகநாதன் லயத்துக்குக் கொண்டுவந்தபோது
சுமந்த ஆறு பேரின் சாராயச் செலவு
தொட்டி விலையைத் தாண்டிப் போயிருந்தது.

சிங்கப்பாதம் மூன்று.
நாலாவதுக்கு ஒரு செங்கல்.

ஞாயிற்றுக்கிழமை.
கோயில் கிடாரத்தைக் கேட்டு வாங்கி
(பூசாரியிடம் சொன்ன காரணம் வேறு)
கவ்வாத்து மிலாறு ஒரு கட்டு எரித்துப்
பதினாறு வாளி சுடுதண்ணி.
மறைப்புக்குக் கம்பியில் என் படங்கு.

"வயர் கொண்டுபோகாத" என்றான் லோகநாதன்.
ஃபெக்டரியில் கரண்ட் வேலை பார்க்கிறவன்,
பிளக் பொயின்டைப்
பாம்புப் புற்று மாதிரிப் பார்க்கிறவன்.
பதினொரு வீதம்தான் இருக்கு என்றேன்.
பதினொரு வீதத்துக்குப் பேசு என்றான்.

ஃபோனைச் சிலிசிலி பேக்கில் போட்டு
ரப்பர் பேண்ட் இரண்டு சுற்று.

இறங்கினேன்.
முதலில் அட்டை கடித்த இடங்கள் பேசின,
கணுக்காலிலிருந்து ஒவ்வொன்றாக.
அடுத்து விரல் வெடிப்புகள்.
அப்புறம் எல்லாம் வாயை மூடிக்கொண்டன.

பீலியில் குளிக்கிறவளுக்குத்
தண்ணி என்பது தலையில் விழுந்து ஓடிப்போவது.
பின்னால் வாளியோடு ஆறு பேர் நிற்பார்கள்.
இது ஓடவில்லை.
என்னைச் சுற்றிச் சும்மா இருந்தது.
சும்மா இருக்கிற தண்ணியை
நாற்பத்தொரு வயதில் பார்க்கிறேன்.
நானும் சும்மா இருந்து பார்த்தேன்,
கொஞ்சம் கஷ்டம்.

அதனால் அக்காவுக்கு எடுத்தேன்.
எங்கள் லயத்தில் சிக்னல் விழுவது
தொட்டி கிடக்கும் அந்த ஆறடியில் மட்டும்.

குவைத்தில் மத்தியானம்,
மேடம் தூங்கும் நேரம்.
கனகேஸ்வரி அக்காவுக்குப் பின்னால்
வெள்ளை ஓடு, மேலேயும் வெள்ளை ஓடு.
அவளும் பாத்ரூமில்தான்.
கையில் பிரஷ்.

"என்னடி, அங்க அவ்வளவு பனியா?"
"பனி இல்லக்கா, ஆவி. தண்ணிக்குள்ள இருக்கேன்."
திருப்பிக் காட்டினேன்:
முழங்கால் இரண்டும் புகைக்கு மேலே
பேர் தெரியாத இரண்டு மலை.

அக்கா சிரிக்கவில்லை.
ஆறு வருசம், அந்த வீட்டில் மூன்று தொட்டி.
தினம் மூன்றையும் தேய்க்கிறாள்,
வெளியே முட்டி போட்டு,
கை மட்டும் உள்ளே.
"உள்ள இருந்தா எப்படிடி இருக்கும்?"

சுகமா இருக்கு என்று சொல்ல
வாய் வரவில்லை.
"கூடைக் கயித்த நெத்தியில இருந்து எடுப்போமே,
அந்த நிமிசம்.
அது உடம்பு முழுக்க."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.
அவள் பக்கத்தில் எங்கோ ஒரு குழாய் சொட்டியது.
"என்னையும் இறக்கேன்" என்றாள்.

ஆறு வீதம்.
பையோடு மெதுவாக இறக்கினேன்.
நெஞ்சுக்கு நேரே தண்ணிக்கடியில்
அக்கா வெளிச்சமாக இருந்தாள்.
கண்ணை மூடியிருந்தாள்.
நாலாயிரம் கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம்
ஒரு சொட்டும் போய்ச் சேராது என்று தெரிந்தும்
கன்னம் உப்ப
மூச்சைப் பிடித்திருந்தாள்.

பையின் மூலையிலிருந்து
குட்டிக் குட்டியாகக் குமிழி மேலே வந்தது.
அழகாக இருக்கிறதென்று பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஓட்டை என்று பிறகுதான் விளங்கியது.

கறுப்பு.

ஃபோன் இப்போது அரிசி வாளிக்குள்.
லோகநாதன் ஒன்றும் சொல்லவில்லை,
சத்தமாக ஒன்றும் சொல்லவில்லை.
நாலு நாள் தொடக்கூடாதாம்.
ராத்திரிச் சோற்றுக்குச்
சுண்டால் அள்ளும்போது
அவள் மேல் படாமல்
ஓரமாக அள்ளுகிறேன்.

கொழுந்து நிறுக்கும் இடத்தில்
கங்காணி கேட்டார்: எடுத்தா ஓஃப்னு வருதே?
அரிசிக்குள்ள இருக்கு என்றேன்.

அக்கா மூச்சை விட்டாளா என்று
வியாழக்கிழமைதான் தெரியும்.