பால் கவரில் வந்த மண்

கன்னேரிமுக்குப் பெள்ளன்
பால் கவரில் மண் கொண்டுவந்தார்.
கோத்தகிரியில் நசநசவென்று மழை,
பரிசோதனைக்கூட வாசலில் குடைகளின் குட்டை.

தேயிலை கிலோ பன்னிரண்டு ரூபாய்க்கு இறங்கிய வருஷம்
அரை ஏக்கர் செடியைப் பிடுங்கிவிட்டுப்
பூண்டு வைத்தாராம்.
முளைத்தது. நின்றது. மஞ்சளானது.
"விதையில கோளாறா, பாரும்மா."

மீட்டர் நாலு புள்ளி இரண்டில் நின்றது.
இவ்வளவு புளித்த மண்ணில்
களிக்குள் உறங்கும் அலுமினியம் கரைந்து எழுந்துவிடும்,
சோற்றுப் பானையாய்ச் சாதுவாக இருக்கிற
அதே உலோகம்.

அவர் கொண்டுவந்த ஒரு செடியைக் கழுவிக் காட்டினேன்.
வேர் நுனியெல்லாம் தடித்து, பழுப்பேறி,
எரிந்து அணைந்த தீக்குச்சி மாதிரி.
தண்ணீர் பக்கத்திலேயே இருந்திருக்கிறது.
போய்க் குடிக்க நுனி இல்லை.

பெள்ளன் வெகுநேரம் அதையே பார்த்தார்.
"அறுவது வருஷம் தேயிலை அங்கதான நின்னுச்சு.
அதுக்கு ஏன் ஒண்ணும் ஆகல?"

அதன் வேரும் கொஞ்சம் புளிப்பைக் கசியவிடும் என்றேன்,
வரப்புப் புளியாரையில் நாம் மென்று துப்பும் அதே புளிப்பு.
அது போய் உலோகத்தின் கையைப் பிடித்துக்கொள்ளும்.
பிடிபட்டது கடிக்காது.
பிறகு தண்டு வழியே மேலே அனுப்பி
முற்றின இலைகளின் தோலில் பூட்டிவைக்கும்,
கொழுந்து பறிக்கிற விரல்கள் தொடாத அடி இலைகளில்.
கொஞ்சம் அலுமினியம் ஊற்றிய குவளையில்தான்
தேயிலை நாற்று வேர் நீளமாய் விட்டது,
நானே அளந்திருக்கிறேன்.

"அந்த முத்தல் இலை?"

"உதிரும்."

"எங்க?"

பால் கவரை இருவரும் பார்த்தோம்.

சிபாரிசுச் சீட்டில் டோலமைட் என்று எழுதினேன்.
இரண்டு தவணை, மழைக்கு முன்னால்,
மூன்று வருஷம் பொறுக்கவும்.
பொறுக்கவும் என்பது படிவத்தில் இல்லாத சொல்,
நான் சேர்த்தது.

மடித்துச் சட்டைப்பையில் வைத்தவர்
குடையை விரித்தபின் திரும்பினார்.
"வேலியோரம் ஒரு செடி மட்டும் விட்டுப்போச்சு.
கடப்பாறைக்கு அசையல.
கவ்வாத்து இல்ல, உரம் இல்ல,
ஆளுயரத்துக்குப் போயி
வெள்ளையா பூத்துக்கிட்டு நிக்குது.
அத என்ன பண்ணட்டும்?"

பயிர் என்ற கட்டத்தில் பூண்டு என்று இருந்தது.
அவர் போனபிறகு
ஓரத்தில் பென்சிலால்
'தேயிலை, ஒன்று' என்று எழுதினேன்.