கலங்கி முகத்து விளக்கு: கணக்கு முடித்தல்

சூலூர்ப்பேட்டை தாண்டி
கலங்கி ஆறு ஏரியில் இறங்கும் இடத்தில்
ஒரு விளக்குத் தூண்.
இப்போது சுற்றிலும் இறால் குட்டை.
ஆறு அரை மைல் வடக்கே போய்விட்டது,
யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல்.

இடிப்பதற்கு முன் கணக்கை முடிக்க வேண்டுமாம்.
அதற்குத்தான் நான்.

பதினோரு பேரேடு.
கரையான் தின்றது போக
மிச்சத்தில் இன்னும் எண்ணெய் வாடை.
முதலில் ஆங்கிலம், நடுவில் தமிழ், பிறகு தெலுங்கு.
எண்கள் மட்டும் ஊர் மாறவில்லை:
எண்ணெய் மூன்று படி, திரி இரண்டு,
உப்புத் தோணி ஏழு, விறகுத் தோணி நான்கு,
கிளிஞ்சல் ஏற்றியது ஒன்று, தரை தட்டியது.
அடுத்த வரி: மீட்கப்பட்டது.
அதற்கடுத்து: தோணிக்காரர் விளக்கைத் திட்டினார்.

மாநிலம் பிரிந்த வருஷம்
எண்ணெய்க்கு யார் பணம் தருவதென்று
சென்னைக்கும் கர்நூலுக்கும் பதினான்கு கடிதம்.
அத்தனை மாதமும் விளக்கு எரிந்திருக்கிறது.
யார் எண்ணெயில் என்று
எழுதவில்லை.

ஆனால் நான் நின்றுபோனது
அதற்கும் முந்தைய ஏட்டில்.
யுத்தம். ஜப்பான்காரன் வருவானென்று
கரையெல்லாம் அணைக்கச் சொன்ன மாதம்.
விளக்குக்காரர் மானிகல போலய்யா
இரவுக்கு ஒரு வரி எழுதுகிறார்:
"உத்தரவுப்படி இருட்டு."
எண்ணெய் இல்லை. திரி இல்லை.
தீப்பெட்டி ஒன்று.
மறுநாளும் ஒன்று.
முப்பத்தொரு இரவு, முப்பத்தொரு பெட்டி.

ஓரத்தில் சிவப்பு மை.
எனக்கு எண்பது வருஷம் மூத்த தணிக்கைக்காரர்:
"ஏற்றாத விளக்குக்குத் தீப்பெட்டி எதற்கு?"

பதில் பென்சிலில், கோணல்மாணலாய்,
வீட்டுப் பேச்சில், ஒரே சொல்:
படவலு.
படகுகள்.

குட்டைக் கரையில் நின்று கணக்குப் போட்டேன்.
பெட்டிக்கு ஐம்பது குச்சி.
குச்சிக்குப் பத்து நொடி, காற்றில்லாவிட்டால்.
காற்றில்லாத இரவு இங்கே கிடையாது.
பெட்டியைத் தலைத்துண்டில் செருகிக்கொண்டு
இடுப்பளவு தண்ணீரில், திட்டுக்கும் ஆழத்துக்கும் நடுவே,
உள்ளங்கையைக் கிண்ணமாக்கி.
விமானத்துக்குத் தெரியாமல்
உப்புக்காரனுக்கு மட்டும் தெரிகிற வெளிச்சத்துக்கு
எங்கள் துறையில் அளவை இல்லை.

அந்த மாதம் வந்த தோணி இருநூற்று ஆறு.
தரை தட்டியவை என்ற கட்டத்தில்
ஒரு கோடு.

பழைய ஆட்சேபணை திறந்தே கிடந்தது.
"தீர்க்கப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.
தொகை, அன்றைய விலையில்,
பதினைந்தரை அணா.